மீன்சட்டியும் வீட்டு வளவும்

ஆனையிறவு என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது போர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் சமர்களே அந்தப் பெயரை வெளியுலகுக்குக் கொண்டு சென்றன. ஆனால் வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் அந்த ஒடுங்கிய நிலத்துண்டுக்குப் போருக்கு முந்திய அறிமுகமும் உண்டு. அது உப்பும் இறாலும் மீனும் தந்த இடம். போரினால் சிதைந்துபோன உப்பளம் மீண்டும் இயங்கி, 2025 மார்ச் இறுதியில் அங்கு மேசை உப்புத் தொழிற்சாலையும் திறந்து வைக்கப்பட்டபோது உப்பைப் பற்றி நாடெங்கும் பேசப்பட்டது. அந்த உப்பு போய்ச் சேருகின்ற மீன்சட்டியைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம்.

எமது வீடுகளில் மீன்கறி மூன்று இடங்களிலிருந்து உருவாகின்றது. மீன் கடனீரேரியிலிருந்தோ கடலிலிருந்தோ வருகின்றது. உப்பு உப்பளத்திலிருந்து வருகின்றது. கறிவேப்பிலை, முருங்கையிலை, ரம்பை, பச்சை மிளகாய், தேசிக்காய் ஆகியவை வீட்டு வளவிலிருந்து வருகின்றன. முதல் இரண்டும் எமது கைக்கு அப்பாற்பட்டவை. மூன்றாவது மட்டுமே வீட்டாரின் கையில் இருப்பது. ஆனால் இன்று பல வீடுகளில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. வளவில் பறித்த இலையின் இடத்தைக் கடையில் வாங்கிய தூள் பொட்டலம் பிடித்து வருகின்றது.

பச்சை இலைகள் வெறும் வாசனைக்காக மட்டும் சேர்க்கப்படுபவை அல்ல. கடல்மீன் இறந்த பின்னர் அதன் உடலில் உள்ள ஒரு பொருள் நுண்ணுயிர்களால் சிதைந்து, ஆவியாகக்கூடிய காரப்பொருளாக மாறுகின்றது. மீன்வெடுக்கு எனப்படுவது அதுவே. தேசிப்புளியோ, பழப்புளியோ, கொறுக்காப்புளியோ சேரும்போது புளியிலுள்ள அமிலம் அந்தப் பொருளைப் பிணைத்துவிடுவதால் வெடுக்கு அடங்குகின்றது. இரணைமடு போன்ற குளங்களில் பிடிபடும் மீனில் சில வேளைகளில் உணரப்படும் சேற்று மணத்தையும் புளி குறைக்கும். புளி சேர்ந்த கறியை அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் அந்த உலோகம் கறியில் கலக்கும். மண்சட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. மீனுக்கு மண்சட்டியே பொருத்தம் என்று எமது பாட்டிமார் வற்புறுத்தியதற்குச் சுவைக்கு அப்பாலும் காரணம் இருந்தது.

எந்த இலையை எப்பொழுது சேர்ப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. கறிவேப்பிலையினதும் ரம்பையினதும் மணத்துக்குரிய எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை. ஆகவே அவை தாளிதத்திலோ தேங்காய்ப்பாலிலோ முதலில் சேர வேண்டும். மீனின் தசை மென்மையானது. துண்டுகள் பத்து நிமிடங்களுக்குள் வெந்துவிடும். அதன் பின்னர் அகப்பையால் கிளறாமல் சட்டியைப் பிடித்து மெல்ல ஆட்டுவதே முறை. முருங்கையிலை கடைசியில் சேர வேண்டியது. அதிக நேரம் கொதித்தால் அது நிறம் மாறிக் கசக்கும். மீன் சொதிக்குத் தேசிப்புளி விடுவது சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே. கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும், புளியிலுள்ள உயிர்ச்சத்து சீயும் அழியும். உப்பு விடயத்திலும் கவனம் தேவை. எமது நாட்டில் 1995 ஆம் ஆண்டிலிருந்து உணவு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அயடின் சூட்டிலும் ஈரத்திலும் குறைந்துவிடும் என்பதால் உப்பை மூடி வைத்து, சமையலின் பிற்பகுதியில் சேர்ப்பது நன்று.

இந்தச் சேர்க்கையின் பெறுமதி ஊட்டச்சத்தில் உள்ளது. முருங்கையிலையில் இரும்புச்சத்தும் கல்சியமும் உயிர்ச்சத்து ஏயின் மூலப்பொருளும் உண்டு. ஆயினும் இலையிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. மீனின் தசையும் தேசிப்புளியும் அதே உணவில் இருக்கும்போது அந்த இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படுகின்றது. உயிர்ச்சத்து ஏயின் மூலப்பொருளை உடல் ஏற்கத் தேவையான கொழுப்பைத் தேங்காய்ப்பால் தருகின்றது. சுறாவறையில் முருங்கையிலையையும் ஒடியற்கூழில் மீனோடு இலையையும் சேர்த்தவர்கள் இந்த விஞ்ஞானத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் பிள்ளை பெற்றவளுக்கும் வளரும் பிள்ளைக்கும் எது உடம்பில் ஒட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை எமக்கு மீண்டும் உணர்த்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. எரிபொருளின்றிப் படகுகள் கரையில் கிடந்தன. மீனின் விலையை ஏழைக் குடும்பங்கள் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அத்தகைய நாட்களில் கால் கிலோ சிறுமீனை ஐந்து பேருக்குரிய கறியாக்கும் வல்லமை வளவில் நிற்கும் முருங்கைக்கே உண்டு.

மீன்சட்டி தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது என்பதையும் இங்கு கூற வேண்டும். இறைச்சிக்கு அறுப்பு முறை உண்டு. மீனுக்கு அது இல்லை. அதனால் தமிழர் வீட்டு மீனை முஸ்லிம் அயலவர் தயக்கமின்றி உண்ணலாம். ரம்பையும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் நோன்புக் கஞ்சியில் மணப்பது போலவே மீன் சொதியிலும் மணக்கின்றன. வேலிக்கு மேலால் கறிவேப்பிலைக் கொத்தும் மீன்கறிக் கிண்ணமும் கைமாறிய ஊர்கள் வடக்கில் இருந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000 இற்கும் மேற்பட்டோர் தம் வளவுகளை விட்டுச் சென்றனர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னித் தமிழர் தம் வளவுகளை இழந்து, கடைசியில் அரிசியும் உப்பும் நீருமான கஞ்சியோடு உயிர் தப்பினர். இரு சாராரும் திரும்பி வந்தபோது வீடு கட்ட உதவி தேடினார்கள். ஆனால் இருபது ஆண்டுகள் நின்ற கறிவேப்பிலை மரத்தை எந்த உதவித் திட்டத்தாலும் ஓரிரு மாதங்களில் திருப்பித் தர முடியாது.

ஆனையிறவை அண்டிய கிராமங்களில் இன்னொரு தடையும் உண்டு. அங்கு நிலமும் கிணற்று நீரும் உவர். உப்புக்கு ஏற்ற நிலம் தோட்டத்துக்கு ஏற்றதன்று. எனினும் வழி இல்லாமல் இல்லை. உரச் சாக்குகளில் நல்ல மண்ணும் கூட்டெருவும் இட்டு மிளகாயும் மல்லியும் வளர்க்கலாம். மாரி தொடங்கும் வேளையில் மேட்டு நிலத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றினால் அது அடுத்த மாரிக்கு முன்னரே இலை தரும். கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்தால் கோடையின் ஒரு பகுதியைக் கடத்தலாம். உப்புப் போடாமல் மீன் கழுவிய நீரைக் கறிவேப்பிலை அடியில் ஊற்றும் பழைய வழக்கம் மரத்துக்கு உரமுமாகும்.

உப்பளத்தை மீட்பதற்குக் காட்டப்படும் அக்கறை அதனைச் சூழ்ந்துள்ள வீடுகளின் வளவுகளுக்கும் கிடைக்க வேண்டும். மீள்குடியேறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மழைநீர்த் தொட்டியும் சில கன்றுகளும் வழங்குவது அரசுக்கோ பிரதேச சபைகளுக்கோ பெருஞ்செலவு அல்ல. அதற்குக் காத்திராமல் வீட்டாரும் ஒரு தடியையேனும் இந்த மாரிக்கு ஊன்றலாம். திரும்பி வந்தவர் தம் வளவில் பறித்த இலையைத் தம் சட்டியில் இடும் நாளில்தான் மீள்குடியேற்றம் முழுமை பெறுகின்றது என்பது எமது எண்ணம்.