ஆது கூட்டத்தாரின் எலும்புக்கூடா?

தோண்டிய குழிக்குள் பிரம்மாண்டமான மனித எலும்புக்கூடு. பக்கத்தில் நிற்கும் ஆள் அதன் மண்டையோட்டுக்கு முன் சிறு பிள்ளைபோல் தெரிகிறார். 'சவூதியில் எரிவாயு தேடித் தோண்டியபோது கிடைத்த ஆது கூட்டத்தாரின் உடல்' என்ற குறிப்புடன் 2004 முதல் இந்தப் படம் சுற்றி வருகிறது. பார்த்ததும் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்பியவர்கள் நம்மில் பலர்.

உண்மை என்ன? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் ஹைட் பார்க்கில், 2000ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தினர் யானையை ஒத்த மாஸ்டொடான் என்ற அழிந்துபோன விலங்கின் எலும்புகளைத் தோண்டி எடுத்தனர். அந்த இடத்தின் புகைப்படத்தில், 2002இல் ஓர் இணையப் போட்டிக்காக, ஓவியர் ஒருவர் மனித எலும்புக்கூட்டைக் கணினியில் ஒட்டவைத்தார். ஆது என்ற பெயர் பின்னர் பிறர் சூட்டியது. 2007இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதை விளக்கி எழுதியது. படம் இன்னும் ஓயவில்லை.

ஆது கூட்டத்தாரின் அழிவை நாம் நம்புவது திருமறை சொல்வதால், புகைப்படத்தால் அல்ல. பொய்ப் படத்தை ஆதாரமாகக் காட்டினால், குட்டு வெளிப்படும் நாளில் நம் பிள்ளைகள் படத்தோடு வசனத்தையும் சந்தேகிப்பார்கள்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது 49:6 வசனம். அறிவிப்பாளர் யார் என்று ஆராய்ந்த பிறகே ஹதீஸை ஏற்ற சமுதாயம் நாம். யார் எடுத்தது, எங்கே, எப்போது? பதில் இல்லாத படம் நம்மோடு நிற்கட்டும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், 'அது தவறு' என்று அதே குழுவில் எழுதுவோம். அதற்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.