குழிக்குள் இறக்கியவர் யார்?

மலக்குழியில் ஒருவர் இறந்துபோனால் மறுநாள் நாளிதழில் ஐந்தாறு வரிகளில் செய்தி வருகிறது. விஷவாயு தாக்கியது, ஒருவர் பலி, காப்பாற்றப் போனவரும் பலி, போலீசார் விசாரணை. இறந்தவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் அதில் இருக்கும். அவரைக் குழிக்குள் இறங்கச் சொன்னவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. காவல் நிலையத்திலும் பல நேரம் இதே கதைதான். 'சந்தேக மரணம்' என்று ஒரு பதிவு, பிரேதப் பரிசோதனை, மாலையில் ஊர்ப் பெரியவர்கள் இருவரை வைத்து ஒரு பேச்சுவார்த்தை, இறந்தவரின் மனைவி கையில் கொஞ்சம் பணம். அதோடு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்.

சட்டம் இதை விபத்தாகப் பார்க்கவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து, அதில் சிக்கியவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் சட்டம் 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவு, தனிநபரோ உள்ளாட்சி அமைப்போ நிறுவனமோ யாராக இருந்தாலும், பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான துப்புரவுக்கு ஒருவரை நேரடியாகவோ ஆள் வைத்தோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. தனிநபர் என்றால் வீட்டு உரிமையாளரும் அதில் அடக்கம். குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓட்டல் மேலாளர், கல்யாண மண்டபக்காரர், ஒப்பந்தக்காரர் என்று யாரும் தப்ப முடியாது. முதல்முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் ரூபாய் வரை போகும். காவல்துறை நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் இது. "அவரே சம்மதித்துத்தான் இறங்கினார்" என்று சொல்லித் தப்பிக்க இந்தச் சட்டம் வழி வைக்கவில்லை.

இயந்திரம் போகவே முடியாத இடம் என்றால்? அதற்கும் விதிகள் உண்டு. உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரி தகுந்த காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதி தர வேண்டும். மூச்சுக்கருவி, வாயு அளக்கும் கருவி, இடுப்புக் கயிறு முதலிய பாதுகாப்புச் சாதனங்கள், மேற்பார்வையாளர், அவசர ஊர்தி, 10 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். இவை எதுவுமின்றி, வெறும் உள்ளாடையோடும் ஒரு வாளியோடும் இறக்கப்படுகிறவர்கள்தான் பிணமாக மேலே வருகிறார்கள். 2022, 2023 ஆண்டுகளில் நடந்த 54 மரணங்களை மத்திய அரசே சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தியது. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எந்தப் பாதுகாப்புக் கருவியும் தரப்படவில்லை.

யாரை இறக்குகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோர் என்று 2013-லும் 2018-லும் நடந்த இரண்டு கணக்கெடுப்புகளில் 58,098 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். சாதி விவரம் தெரிந்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பிறப்பை வைத்து ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட வேலை இது, வேலை கிடைக்காமல் வருகிறவர்கள் செய்யும் வேலை அல்ல. தமிழகத்தில் இந்தச் சுமையின் பெரும்பங்கு அருந்ததியர் மீது விழுந்திருக்கிறது. 2009-இல் அவர்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் கிடைத்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டுக்காக ஆதித்தமிழர் பேரவை போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடின. வாளியைப் பிள்ளைகளிடம் கைமாற்றாமல் இருக்க அந்தச் சமூகத்துக்குத் தெரிந்த உறுதியான வழி படிப்பும் அரசு வேலையும்தான்.

மலக்குழி மரணங்களில் தமிழகம் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறது. 1993-க்குப் பிறகு பதிவானவை மட்டுமே இருநூறைத் தாண்டிவிட்டன. இத்தனைக்கும், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறக்கவில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை சொல்லியிருக்கிறது. குழிக்குள் இறந்தவர்களை 'ஆபத்தான துப்புரவில் இறந்தவர்கள்' என்று தனிக் கணக்கில் வைத்துவிட்டால் அப்படிச் சொல்ல முடிகிறது. மறுவாழ்வுப் பட்டியலில் அந்தக் குடும்பங்களின் பெயர் ஏறாமல் போவதற்கு இந்தக் கணக்குப் பிரிப்பும் ஒரு காரணம்.

குழிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூடிக் கிடக்கும் மலத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் உருவாகின்றன. ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கசடைக் காலாலோ கோலாலோ கிளறும்போது சிக்கியிருந்த வாயு மொத்தமாக வெளியேறும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கின் மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் இன்னும் கீழே இறங்குவார். இன்னும் சில நூறு பங்கு கூடினால் நாலைந்து மூச்சிலேயே சுருண்டு விழுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

தீக்குச்சியைப் பற்றவைத்துப் பார்ப்பது, மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது என்று சில பழைய வழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. மீத்தேன் இருக்கும் இடத்தில் அது வெடிவிபத்தை வரவழைப்பது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறதா என்பதைத் தீக்குச்சி காட்டவும் காட்டாது. மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை.

விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார், அவரைத் தூக்க இன்னொருவர். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரே தொட்டியில் ஒரு தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் உட்பட ஆறு பேர் இப்படித்தான் போனார்கள். மகனோ தம்பியோ கண்ணெதிரே விழுவதைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பது மனிதனால் ஆகிற காரியமா என்று கேட்கலாம். ஆனாலும் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கினால் இன்னொரு சாவுதான் மிச்சம். தீயணைப்புத் துறையை 101-லும் ஆம்புலன்ஸை 108-லும் அழைக்க வேண்டும். எல்லா மூடிகளையும் திறந்து, மேலிருந்தபடியே கயிறு கட்டி இழுக்க முடிந்தால் இழுக்க வேண்டும்.

இன்று கையில் இருக்கும் சட்டங்களும் தீர்ப்புகளும் தாமாக வந்தவை அல்ல. கோலார் தங்கவயலில், தலைமுறையாக உலர் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அங்கிருந்த கழிப்பிடங்களைப் படம் பிடித்து அதிகாரிகளுக்கு அனுப்பியதில் தொடங்கியது அவருடைய வேலை. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் போன்றோரின் துணையோடு சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் என்னும் இயக்கம் உருவானது. 1993-லேயே ஒரு தடைச் சட்டம் வந்திருந்தும் மாநிலங்கள் அதைத் தூசி தட்டவில்லை. எங்கள் மாநிலத்தில் அப்படி யாருமே இல்லை என்று அதிகாரிகள் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தார்கள். அவர்கள் இல்லை என்ற இடங்களுக்கே இயக்கத்தார் போய்ப் படமும் பெயரும் சேகரித்து வந்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2003-இல் போட்ட வழக்கில் 2014 மார்ச் 27 அன்றுதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. அவசரம் என்ற பெயரிலும் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது குற்றம் என்றது.

தீர்ப்பு வந்தும் சாவுகள் நிற்கவில்லை. எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தோடு 2015 டிசம்பரில் அசாமின் திப்ருகரில் புறப்பட்ட பீம் யாத்திரை 125 நாள் பயணத்துக்குப் பின் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் டெல்லியை அடைந்தது. கணவனை, மகனைப் பறிகொடுத்த பெண்கள் மேடைகளில் பேசினார்கள். அதே 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது. தமிழில் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வெளியாகி, பார்க்க மறுத்தவர்களையும் பார்க்க வைத்தது. அதற்காக அவர் வழக்குகளையும் மிரட்டல்களையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக முடங்கிப்போனவருக்கு 20 லட்சத்துக்குக் குறையாமலும், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமலும் தரவேண்டும். இந்தத் தொகையைத் தரும் கடமை அரசுக்கு உரியது. வீட்டுக்காரர் ஏதோ கொடுத்தார் என்பதாலோ, வழக்கு முடியவில்லை என்பதாலோ அரசு கையை விரித்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தும்படியும் அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவ்வளவு இருந்தும் ஒரு குடும்பம் வெறுங்கையோடு நிற்பது எப்படி? பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில்தான் எல்லாம் கைநழுவுகிறது. இழவு வீட்டில் யாருக்கும் சட்டம் படிக்க நேரம் இருக்காது. அந்த நேரத்தில்தான் வெற்றுத்தாளிலும் முத்திரைத்தாளிலும் கையெழுத்து வாங்கப்படுகிறது. எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. உறவினரோ சங்கத்தாரோ ஒருவர் உடனிருந்து முதல் தகவல் அறிக்கையைக் கவனிக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீது போதாது. சந்தேக மரணம் என்ற பிரிவோடும் நிறுத்தக் கூடாது. 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவும் அதில் இருக்க வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெ) பிரிவும் சேர வேண்டும். 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பிரிவின்படி, அவர்களைக் கையால் மலம் அள்ள வைப்பதே வன்கொடுமை. அது சேர்ந்தால் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலான அதிகாரி விசாரிப்பார், வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும், முன்ஜாமீன் கிடைப்பது கடினம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

ஒரு காலக்கெடுவை மட்டும் மறக்கக் கூடாது. 2013 சட்டத்தின்படியான குற்றத்துக்கு, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரப்பட வேண்டும். கருமாதி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட குடும்பங்களுக்கு இந்தக் கெடுதான் எமனாகிறது.

இழப்பீட்டுக்கு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைப் பதிந்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பு உதவி, வீடு, தொழிற்பயிற்சி, கடன் மானியம் போன்ற மறுவாழ்வு உதவிகளையும் அதே மனுவில் கேட்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. வன்கொடுமைப் புகார்களுக்கு 14566.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டும், 14420 அதற்கான எண். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுத்துவிட்டால், அது கட்டிபோலாகி ஆளை இறக்க வேண்டிய நிலை வராது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தொட்டியைச் சமையலறைக்கு அடியிலோ மாடிப்படிக்கு அடியிலோ புதைக்காமல், குழாய் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். லாரிக்காரர் கூட வந்த பையனைக் கடைசிக் கசடை வழிக்க உள்ளே இறக்கினால் அங்கேயே தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் அந்தக் குற்றத்தில் வீட்டுக்காரரும் பங்காளி ஆகலாம்.

குறுகலான தெருக்களுக்கென ஹைதராபாத் சிறிய இயந்திர வண்டிகளை இறக்கியது. கேரளத்தில் உருவான பேண்டிகூட் ரோபோ பல நகரங்களில் சாக்கடைக்குள் இறங்குகிறது. இயந்திரம் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. அந்த இயந்திரங்களின் உரிமை யாருக்கு என்பதுதான் இயக்கங்கள் இப்போது எழுப்பும் கேள்வி. இத்தனை காலம் குழிக்குள் இறங்கியவர்களையே கடன் உதவியோடு வண்டியின் முதலாளிகளாக்க வேண்டும் என்கிறார்கள். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் வண்டி வாங்கி, அதே ஆட்களைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டால் உயிர் பிழைக்கும், ஆனால் சாதியும் கூலியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பழைய சாவுகளின் கணக்கும் இன்னும் தீரவில்லை. 1993-க்குப் பிறகு இறந்த எவருடைய குடும்பமும், இதுவரை இழப்பீடு பெறாதிருந்தால், 30 லட்சத்தைக் கேட்கலாம் என்கிறது 2023 தீர்ப்பு. இருபது ஆண்டுக்கு முன் கணவனை இழந்து, ஒரு காகிதம்கூட இல்லாத பெண்ணுக்கு இது எட்டாக்கனியாகத் தோன்றலாம். அன்றைய செய்தித்தாள் துண்டு, அரசு மருத்துவமனைப் பதிவேடு, காவல் நிலையத்தின் பழைய வழக்கு எண், தீயணைப்பு நிலையத்தின் அழைப்புப் பதிவு இவற்றில் எது கிடைத்தாலும் மனுவைத் தொடங்கலாம். அலுவலகங்களில் உறங்கும் பதிவுகளை எடுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனுக் கட்டணம் பத்து ரூபாய்.