‘ஈயப் பாத்திரம்’ ஈயமே இல்ல!

மண்ணரைல லைன் வீடுகள்ல தங்கி பனியன் கம்பெனிக்குப் போறவங்க ரூம்ல எட்டிப் பாருங்க. சோறு வடிக்க, பருப்பு வேகவைக்க பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பாத்திரம் இருக்கும். “ஈயப் பாத்திரம்”னு சொல்லுவாங்க. இன்னைக்கு அந்தப் பேர்ல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா அந்தப் பேர்ல ஒரு ஆபத்தான குழப்பம் இருக்கு.

தமிழ்ல ஈயம்னு நாம மூணு உலோகத்தைச் சொல்றோம். பழைய பெயின்ட்ல, வண்டி பேட்டரியில இருக்கிற காரீயம் விஷம். பாட்டி ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, அது வெள்ளீயம். மூணாவதுதான் நம்ம சோத்துப் பாத்திரம். அது ரெண்டும் இல்ல, அலுமினியம்.

அலுமினியம்ங்கிற பேர் படிகாரத்துக்கான லத்தீன் சொல்லான ‘அலுமென்’ல இருந்து வந்தது. ஷேவிங் முடிச்சதும் சலூன்ல தேய்க்கிறாங்களே, கலங்கின தண்ணியைத் தெளிய வைக்கப் போடுறாங்களே, அதே படிகாரம். அதுக்குள்ள இருக்கிறது அலுமினிய உப்பு.

பாத்திரத்துக்கு ஏன் இதைப் பிடிச்சோம்? இரும்போட எடையில மூணுல ஒரு பங்குதான். சூடு வேகமா பரவும், கேஸ் மிச்சம். துருவும் பிடிக்காது. காரணம் சுவாரசியமானது. காத்து பட்டதுமே மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகுது. கீறினாலும் உடனே திரும்ப வளரும். அந்தப் படலம்தான் இதுக்குக் கவசம்.

ஆனா அந்தக் கவசத்துக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு, புளிப்பு. புளிக்குழம்பு, தக்காளி, எலுமிச்சை சாதம் இதெல்லாம் உப்போட சேர்ந்து ராத்திரி முழுக்க பாத்திரத்துல கிடந்தா படலம் கரையும், அலுமினியம் சாப்பாட்டுல இறங்கும். ரெண்டாவது, காரம். மிளகாய்க் காரம் இல்லைங்க, வாஷிங் சோடா, காஸ்டிக் சோடா மாதிரி. திருப்பூர் சாயப்பட்டறைகள்ல சாயம் போடுற மெஷின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல இருக்க இதுவும் ஒரு காரணம். காஸ்டிக்ல அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கிட்டே கரைஞ்சு போயிடும்.

பயப்படணுமா? சாப்பாட்டுல இறங்குற அலுமினியத்துல ரொம்பக் கொஞ்சம்தான் உடம்புல சேரும், அதையும் சிறுநீரகம் வெளியேத்திடும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும்.

உண்மையான கவலை வேற. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட உணவு, மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. இறக்குமதியான சில பாத்திரங்கள்ல இருந்து சாப்பாட்டுல காரீயம் இறங்குதுன்னு சொல்லி, நாம கடையில கேட்கிற ‘இண்டாலியம்’ங்கிற பேரையும் அதுல குறிப்பிட்டாங்க. கண்டதையும் சேர்த்து ஸ்கிராப்பை உருக்கி வார்த்தா காரீயம் கலக்க வாய்ப்பிருக்கு. கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகளுக்குக் காரீயம் கொஞ்சம் போனாலே மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆக, ஈயமே இல்லாத உலோகத்துல உண்மையான ஈயம் வந்து ஒளிஞ்சுக்கலாம்.

ஸ்கிராப்பே தப்புன்னு சொல்லல. பாக்சைட்டுல இருந்து ஒரு டன் அலுமினியம் எடுக்க சுமார் 14,000 யூனிட் கரன்ட் வேணும். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை வச்சு மேட்டூர்ல முன்னாடி அலுமினியம் எடுத்தாங்க. பழசை உருக்கினா மொத்த சக்தியில சுமார் 5 சதவீதம்தான் செலவு. சுத்தமா பிரிச்சு உருக்கணும், அவ்வளவுதான்.

அப்போ நீங்க என்ன செய்யலாம்? ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1660ங்கிற எண்ணும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. சோறு, பால், டீ தாராளமா வைக்கலாம். புளிப்பு சேர்ந்ததைச் சமைச்சாலும் உடனே வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. ஊறுகாய் மட்டும் கண்ணாடி, பீங்கான்லயே இருக்கட்டும். புளிசாதத்தை டிபன் பாக்ஸ்ல கட்டினா, அது எவர்சில்வரா இருக்கட்டும்.

ரூம்மேட்டுக்கும் இதைச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.