பிஷப்புக்குப் பிடிக்காத மேகம்

ஓவியத்தின் இடது ஓரத்தில், மர நிழலில் ஒரு தம்பதி. கணவர் கைத்தடியை உயர்த்தி எதையோ சுட்டுகிறார். தடி காட்டும் திசையில் கண்ணை ஓட்டினால், மரங்கள் கிளை கோத்து அமைத்த வளைவுக்குள் இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயம். அதன் கூர்ங்கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் அதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் இல்லை.

தடிக்காரர் பிஷப் ஜான் ஃபிஷர். தோட்டம் அவருடையது, படத்தை வரையச் சொன்னவரும் அவரே. வரைந்தவர் ஜான் கான்ஸ்டபிள். (பெயரைக் கேட்டுக் காவல் நிலையத்தை நினைக்க வேண்டாம், இவர் மாவு மில்காரர் மகன்.) 1823-ல் படம் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தது.

பிஷப்புக்குப் படம் பிடித்திருந்தது, மேகத்தைத் தவிர. தம் பேராலயத்தின் தலைமேல் கருமேகம் கவிந்து நிற்பதா? தெளிந்த வானம் வேண்டும் என்றார்.

கான்ஸ்டபிளுக்கோ மேகம்தான் பிழைப்பு. காற்றாலை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வானத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்குமா? 1821, 1822-ல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டில் வானத்தை மட்டுமே எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தீட்டிப் பழகினார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதிவைத்தார். வானிலை அலுவலகக் குறிப்பேடு தோற்றுவிடும்.

சால்ஸ்பரி மேகத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பேராலயத்தின் கல் வெளிறிய நிறம். நம் கண் ஒரு பொருளின் வெளிச்சத்தைத் தனியாக அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அதே வண்ணக் குழம்பு, வெளிர்வானத்தின் முன் மங்கிக் கிடக்கும். சாம்பல் மேகத்தின் முன் வெயில் பட்டதுபோல் பளிச்சிடும். சுற்றிலும் இருண்டு நிற்கும் மரங்களும் இதற்குத்தான் துணைபோகின்றன. பிஷப் நீக்கச் சொன்ன இருட்டுதான் அவருடைய கோபுரத்துக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தது!

கான்ஸ்டபிள் பழைய படத்தின் மேகத்தைக் கலைத்துவிடாமல், அதே அளவில் இன்னொன்று வரைந்தார். அதில் வானம் வெளுத்தது. கோபுரத்தின் மேல் வளைந்திருந்த கிளைகளும் விலகின. மேகப்படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். வெளுத்த வானம் நியூயார்க்கின் ஃப்ரிக் தொகுப்பில். அழகானதுதான், ஆனால் முதல் படத்தின் அழுத்தம் இதில் இல்லை.

இரண்டாவது படம் முடிந்தது 1826-ல். பிஷப் 1825-லேயே காலமாகிவிட்டார்.