புத்தருக்குக் கண் திறந்த தென்னிந்தியத் துறவி

மார்சிலிங் ஸ்ரீ சிவ கிருஷ்ணா கோயிலுக்குப் போய்வரும் தமிழர்களுக்குக் கண் திறப்புச் சடங்கைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்தபதி தங்க உளியும் வெள்ளிச் சுத்தியும் கொண்டு கண் திறந்த பிறகுதான் சிலை வழிபாட்டுக்கு உரியதாகிறது. இதுபோன்ற ஒரு சடங்கு 752ஆம் ஆண்டில் ஜப்பானில் நடந்தது. அதைச் செய்தவர் ஒரு தென்னிந்தியர் என்பது பலரும் அறியாத செய்தி.

அவர் பெயர் போதிசேனர். அந்தணர் குலத்தில் பிறந்து பௌத்தத் துறவியானவர். சீனாவில் தங்கியிருந்தபோது ஜப்பானியத் தூதர்கள் அழைக்கவே, 736ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று நாரா நகரில் தங்கினார்.

அக்காலத்தில் பெரியம்மையும் பஞ்சமும் ஜப்பானை வாட்டி வதைத்தன. நாட்டைக் காக்க வேண்டிப் பெரிய புத்தர் சிலை ஒன்றை அமைக்கும்படி 743ல் பேரரசர் ஷோமு ஆணையிட்டார். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை தோதாய்ஜி ஆலயத்தில் எழுந்தது.

கண் திறப்பு நாளில் போதிசேனர் உளியை எடுக்கவில்லை. பெரிய தூரிகையால் புத்தரின் விழிகளைத் தீட்டினார். தூரிகையில் மிக நீளமான நீல நிறப் பட்டுக் கயிறு கட்டப்பட்டிருந்தது. அரச குடும்பத்தினரும் கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டனர். தீட்டியது ஒருவர் கை. புண்ணியமோ அனைவருக்கும்.

அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1180ஆம் ஆண்டுப் போரில் ஆலயம் எரிந்து, சிலையும் சிதைந்தது. அதைச் சீரமைத்து 1185ல் மீண்டும் கண் திறந்தபோது, முன்னாள் பேரரசர் கோ-ஷிரகாவா அதே தூரிகையைத்தான் கையில் எடுத்தார்.

போதிசேனர் தமிழரா? மதுரையில் பிறந்தவர் என்று சொல்வோர் உண்டு. அவர் 760ல் மறைந்த பின் அவருடைய சீடர் எழுதிய நினைவுரையோ தென்னிந்தியர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஊர்ப் பெயரை உறுதியாகச் சொல்ல அது போதாது.

அதனால் பெருமை குறைந்துவிடாது. தெற்கிலிருந்து ஒருவர் கடல் கடந்து போனார், வேற்று நாட்டு மக்கள் அவர் கையில் தூரிகையைத் தந்தார்கள். அதற்குச் சான்று இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சான்றில்லாத ஊர்ப் பெயரைச் சொல்லித் தருவதைவிட, 1,270 ஆண்டுகள் காக்கப்பட்ட அந்தத் தூரிகையின் கதையைச் சொல்வதே மேல்.