நீர்வர்ண ஓவியத்தில் பிசினின் பணி

காவிக்கல்லைப் பொடித்து, நீரிற் குழைத்து, வெள்ளைத் தாளில் தீட்டினால் நல்ல செந்நிறம் தோன்றும். ஆனால் ஈரம் உலர்ந்தபின் அதன்மீது விரலை ஓட்டினால், நிறம் விரலோடு வந்துவிடும். நீர் வர்ணத்தூளைச் சுமந்து சென்று பரப்புகிறதேயன்றி, அதனைத் தாளோடு பிணைப்பதில்லை. பிணைக்கும் வேலையைச் செய்வதற்கு வேறொரு பொருள் தேவை. அதனைப் பற்றுப்பொருள் எனலாம். நீர்வர்ணத்தில் இப்பணியை ஆற்றுவது மரப்பிசின்.

பிசின் நீரிற் கரையும், உலர்ந்தால் இறுகும், மீண்டும் நீர் பட்டால் மீண்டும் இளகும். ஓவியனுக்கு உதவுவதும், ஓவியத்திற்குப் பிற்காலத்தில் தீங்கு விளைவிப்பதும் இந்த ஒரே குணமேயாகும். இதனை அறிந்துகொள்வது ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பழைய சுவரோவியங்கள் உள்ள இடங்களிற் பணிபுரிவோருக்கும் ஒருங்கே பயன்படும்.

மட்டாஞ்சேரிச் சுவர்கள்

எறணாகுளம் மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடமாகிய காக்கநாட்டிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று, கொச்சி நகரைக் கடந்து, காயலின் மறுகரையை அடைந்தால் மட்டாஞ்சேரி வரும். அங்குள்ள அரண்மனை 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேசியரால் கட்டப்பெற்று, கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்கு அளிக்கப்பட்டது. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதனைப் புதுப்பித்தனர். அவர்கள் கட்டியதன்று எனினும், டச்சு அரண்மனை என்னும் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்று அது இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

அவ்வரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் நெருக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் பழையவை பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவை கேரளச் சுவரோவிய மரபின் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன.

இம்மரபில் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை பூசப்படும். அது காய்ந்தபின், இளநீரிற் கலந்த சுண்ணாம்பு இருபத்தைந்து முதல் முப்பது தடவை மெல்லிதாக அடிக்கப்படும். இவ்வாறு வழுவழுப்பான வெண்சுவர் கிடைக்கும். செந்நிறத்தையும் மஞ்சளையும் செம்புறைக்கல்லிலிருந்து எடுத்த காவிகள் தரும். எண்ணெய் விளக்கின் புகைக்கரி கருநிறம் தரும். மக்கி மரத்தின் மஞ்சட் பிசினையும் அவுரி நீலத்தையும் கலந்து பச்சை பெறுவர். வெண்மைக்குச் சுவரின் வெண்மையையே விட்டுவிடுவர். முதலில் மஞ்சட் கோட்டால் உருவம் வரைந்து, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்திற்குச் சென்று, இறுதியிற் கருங்கோட்டால் முடிப்பர். இவ்வர்ணங்களைச் சுவரிற் பற்றவைக்க மரபுவழி ஓவியர்கள் கையாண்டது வேப்பம்பிசின்.

தாளில் தீட்டும் நீர்வர்ண ஓவியனும் இதே ஒழுங்கையே பின்பற்றுகிறான். தாளின் வெண்மையே அவனுக்கு வெண்ணிறம்; வெளிரிலிருந்து அடர்த்திக்குச் செல்வதே அவன் முறை. அவன் வர்ணக்கட்டியில் வேப்பம்பிசினுக்குப் பதிலாக அரபிப் பிசின் இருக்கிறது என்பதே முக்கிய வேறுபாடு.

சுண்ணாம்பு பிணைப்பதும் பிசின் பிணைப்பதும்

எல்லாச் சுவரோவியங்களிலும் பிசின் இருக்கும் என்று கருதுதல் பிழை. காரை ஈரமாயிருக்கும்போதே வெறும் நீரிற் குழைத்த வர்ணத்தைத் தீட்டும் முறையும் உண்டு. அப்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் சுண்ணக்கல்லாக மாறி, வர்ணத்துகள்களைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்ளும். இதனை ஈரச்சுதை ஓவியம் என்பர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன், 1930-களில் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களை ஆராய்ந்து, அவை இவ்வகையைச் சேர்ந்தவை எனக் கண்டார்.

கேரள ஓவியங்களோ உலர்ந்த சுவரின்மேல் தீட்டப்பட்டவை. உலர்ந்த சுண்ணாம்பு புதிய வர்ணத்தைப் பிணைக்காது. ஆகவேதான் பிசின் தேவையாயிற்று. ஈரச்சுதையில் நிகழ்வது இரசாயன மாற்றம். உண்டான சுண்ணக்கல் சாதாரண நீரில் எளிதிற் கரையாது. பிசின் உலர்வதிலோ அத்தகைய மாற்றம் எதுவும் இல்லை. நீர் மட்டுமே வெளியேறுகிறது. நீர் திரும்பி வந்தால் பிசினும் இளகுகிறது.

அரபிப் பிசின் யாது?

ஆப்பிரிக்காவில் செனகல் முதல் சூடான் வரை பரந்துள்ள வறண்ட நிலங்களில் வளரும் ஒருவகை வேல மரத்தின் பட்டையில் காயம் ஏற்பட்டால், அங்குக் கசியும் திரவம் கண்ணீர்த்துளி போல் இறுகி நிற்கும். அதுவே அரபிப் பிசின். சூடான் நெடுங்காலமாக அதன் தலையாய விளைநிலம். அரபு வணிகர்களின் கைவழியாக வெளிநாடுகளை அடைந்தமையால் இப்பெயர் வந்தது.

காலக்டோஸ், அராபினோஸ், ராம்னோஸ் முதலிய சர்க்கரைகள் கிளைகிளையாக இணைந்த பெரிய மூலக்கூறுகளே இதன் பெரும்பகுதி; சிறிதளவு புரதமும் உண்டு. மூலக்கூறு நீண்ட கயிறுபோல் இராமல் சுருண்டு திரண்டிருப்பதால், கரைசல் எளிதில் தடிப்பதில்லை. பிற பிசின்கள் பல நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்த அளவிலேயே கூழாகிவிடும். அரபிப் பிசினோ நூற்றுக்கு ஐம்பது பங்கு வரை கரையும். எனவே பிணைக்கப் போதிய பிசின் இருந்தும் தூரிகை தடையின்றி ஓடும். வர்ணத்துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் பிரிந்து நிற்கவும் இது துணைசெய்கிறது.

நம் நாட்டுக் கருவேல மரத்தின் பிசின் இதற்கு நெருங்கிய உறவு. நிறம் சற்றே கருமையானது என்றாலும், பள்ளிப் பயிற்சிக்குப் போதுமானது. நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைக்கும். ஆனால் எல்லாப் பிசினும் இவ்வேலைக்கு உதவாது. முருங்கைப் பிசினும் பாதாம் பிசினும் நீரிற் பருத்துக் கூழாகுமேயன்றி முற்றும் கரைவதில்லை. ஒரு துண்டை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

பிசின்நீர் செய்யும் முறை

பொடித்த பிசின் 50 கிராமுக்கு வெதுவெதுப்பான நீர் 100 மில்லிலிட்டர் சேர்த்து, இடையிடையே கலக்கி, ஓர் இரவு ஊறவைக்கவேண்டும். கொதிக்க வைத்தல் கூடாது. பிணைக்கும் திறன் குறையும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். பிசின் மட்டும் இருந்தால் உலர்ந்த வர்ணம் கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே ஈரத்தைப் பிடித்துவைக்கும் தேன் ஒரு தேக்கரண்டி சேர்ப்பது நலம். கிளிசரினும் இதே பணியைச் செய்யும். பூஞ்சணம் பிடியாதிருக்கக் கிராம்புத் தைலம் இரண்டு மூன்று துளி போதும். நன்கு சலித்த காவித்தூளுடன் ஏறக்குறைய சம அளவு பிசின்நீர் சேர்த்து, கண்ணாடித் தகட்டின்மேல் மணல் நறநறப்பு நீங்கும்வரை அரைத்தால் வர்ணம் ஆயத்தமாகும். இலண்டனைச் சேர்ந்த வில்லியம் ரீவ்ஸ் என்பவர் வர்ணக்கட்டி செய்ததற்காக 1781-இல் அந்நகரத்துக் கலைச்சங்கத்தின் பரிசைப் பெற்றார். அதற்கு முன்னர் ஓவியர்கள் தங்கள் வர்ணத்தை இவ்வாறே தாங்களே அரைத்துக்கொள்வது வழக்கம்.

வகுப்பறையிற் செய்யத்தக்க சோதனை

ஒரே தாளில் மூன்று பட்டைகள் தீட்டுக. முதலாவது, காவியும் வெறும் நீரும். இரண்டாவது, மேற்கூறிய அளவிற் செய்த வர்ணம். மூன்றாவது, அதே வர்ணத்தில் மூன்று மடங்கு பிசின்நீர் கலந்தது. நன்கு உலர்ந்தபின் உலர்ந்த துணியால் மெல்லத் தேய்க்க, முதற்பட்டை உதிரும், இரண்டாவது நிற்கும், மூன்றாவது பளபளப்பாகத் தோன்றும், தாளை வளைத்தால் வெடிப்பும் காணலாம். வர்ணம் உதிர்ந்தால் பிசினைக் கூட்டுக, வெடித்தால் குறைக்க என்பதே இதன் பாடம். ஒவ்வொரு வர்ணத்தூளுக்கும் வேண்டிய அளவு சிறிது மாறுபடுமாதலால், எந்த அளவுப் பட்டியலைக் காட்டிலும் இச்சோதனையே நம்பத்தக்கது.

அடுத்து, நன்றாக நின்ற இரண்டாம் பட்டையின் பாதியை ஈரத் தூரிகையால் தடவுக. தேய்த்தபோது அசையாத நிறம் இப்போது கரைந்து தூரிகையில் ஏறும். மாணவர் இதனைத் தம் கண்ணாற் காணச் செய்தல் மிக இன்றியமையாதது.

நீரால் வரும் கேடு

அப்பட்டைக்கு நேர்ந்தது பழைய சுவருக்கும் நேரக்கூடும். பிசின் நாட்பட நாட்படக் கரையுந்தன்மை ஓரளவு குறைந்தாலும், அது முற்றும் நீங்கிவிடுவதில்லை. புகையும் தூசியும் படிந்த ஓவியத்தைத் துப்புரவாக்கும் நல்லெண்ணத்தோடு ஒருவர் ஈரத்துணியால் துடைப்பாராயின், அழுக்கோடு ஓவியமும் துணியில் வந்துவிடும். சில நூற்றாண்டு நிலைத்த முகம் ஒரு காலையில் மறைந்துபோகும். அதனை மீட்க வழியில்லை.

மழையும் கடற்காற்றும் மிகுந்த கொச்சி போன்ற இடங்களில் வேறிரு தொல்லைகளும் உண்டு. சுவரினுள் ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொணரும். உலரும்போது அவ்வுப்பு படிகமாகி, வர்ணப் படலத்தைப் பின்னிருந்து தள்ளி உரிக்கும். மேலும், பிசின் சர்க்கரைப் பொருளாதலால், ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணத்திற்கு அது உணவாகும்.

ஆகவே, களப்பணியாளர்கள் ஓவியச் சுவரை நீராலோ சோப்பாலோ எண்ணெயாலோ தொடுதல் ஆகாது. உரிந்து நிற்கும் பகுதியை உலர்ந்த துணியாலும் தீண்டலாகாது. கூரை ஒழுக்கு, அடைபட்ட நீர்த்தாரை, சுவரடியில் தேங்கும் நீர் ஆகியவற்றை முதலிற் கண்டு நீக்கச் செய்யவேண்டும். உப்பு பூத்த இடம், பூஞ்சணம் தோன்றிய மாதம் ஆகியவற்றைப் புகைப்படத்துடன் குறித்து, தொல்பொருள் துறைக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்கவேண்டும். சுத்தம் செய்தல் பயிற்சி பெற்ற இரசாயன வல்லுநரின் வேலை.

குருவாயூர்க் கோயிலில் 1970-இல் ஏற்பட்ட தீயில் பழைய சுவரோவியங்கள் பல அழிந்தன. அவற்றை மீண்டும் தீட்ட மரபறிந்த ஓவியர்களைத் தேடவேண்டியதாயிற்று. அதன் பயனாக 1989-இல் அங்குச் சுவரோவியக் கல்விநிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. கலையைக் கற்பிக்க முடியும் என்பதற்கு அது சான்று. எனினும், புதிதாகத் தீட்டிய ஓவியம் பழைய ஓவியம் ஆகாது. ஒரு துண்டுப் பிசினையும் ஒரு பிடிக் காவியையும் கொண்டு வகுப்பறையில் இவ்வுண்மையைக் கண்ட மாணவன், நாளை தன் ஊர்க் கோயிற் சுவரை ஈரத்துணியோடு அணுகுவோரைத் தடுத்து நிறுத்துவான்.