அழித்தாலும் காலியாகாத வட்டு

வட்டு நிரம்பப் போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. சர்வரைக் கவனித்துக்கொள்பவர் ஆறு மாதத்துக்கு முந்தைய பேக்கப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து அழிக்கிறார். பட்டியலிலிருந்து அவை போய்விடுகின்றன. காலி இடத்தைக் காட்டும் எண் மட்டும் அசைவதில்லை. மென்பொருளில் கோளாறு என்றுதான் பலரும் நினைப்பார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. எழுதுவதைவிட அழிப்பது பல மடங்கு கடினமாகிவிட்ட ஓர் ஏற்பாடு அது.

வியன்னாவில் உருவாகும் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை எடுத்துக்கொள்வோம். 2020இல் வெளிவந்த திறமூல மென்பொருள். ஒரு மெய்நிகர் கணினியின் வட்டை அது 4 எம்.பி. துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் செலுத்தினால் ஓர் எண் கிடைக்கும். அதுவே துண்டின் பெயர். உள்ளே ஒரு பிட் மாறினாலும் பெயர் முற்றிலும் வேறாகிவிடும். சாத்தியமான பெயர்கள் எத்தனை என்று எழுத 78 இலக்கங்கள் வேண்டும். அதனால் இரு வேறு துண்டுகளுக்கு ஒரே பெயர் தற்செயலாக வாய்க்கும் என்று யாரும் அஞ்சுவதில்லை. அந்தப் பெயரில் துண்டு ஏற்கெனவே இருந்தால் மறுபடி எழுதத் தேவையில்லை. ஒரு நாளின் பேக்கப் என்று நாம் சொல்வது, இப்படிப்பட்ட பெயர்களின் வரிசை ஒன்றுதான்.

இதன் லாபம் பெரிது. 100 ஜி.பி. வட்டு ஒன்றில் தினமும் 1 ஜி.பி. அளவுக்குத் தரவு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளும் முழு பேக்கப் எடுத்தால் 3,000 ஜி.பி. ஆக வேண்டும். துண்டு முறையில் 129 ஜி.பி. போதும். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். முதல் நாள் பேக்கப்பை அழித்தால் 100 ஜி.பி. திரும்ப வராது; மறுநாளே மாறிப்போன அந்த 1 ஜி.பி.தான் வரும். மற்ற துண்டுகள் எல்லாம் பிந்தைய நாள்களுக்கும் சொந்தம். கூட்டுப் பட்டா நிலம்போல: ஒரு பங்காளி விலகியதால் நிலம் காலி மனை ஆகிவிடாது, வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்று வில்லங்கம் பார்த்தாக வேண்டும்.

அந்த வில்லங்கத்தை எப்படிப் பார்ப்பது? துண்டுக்குத் தன்னை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாது. பெயர் வரிசைகள்தான் துண்டுகளைச் சுட்டுகின்றன. துண்டுகள் எதையும் திருப்பிச் சுட்டுவதில்லை. 2002இல் பெல் ஆய்வகத்தின் ஷான் குவின்லனும் ஷான் டார்வர்டும் வெண்டி என்ற காப்பகத்தை அறிமுகப்படுத்தியபோது இந்தக் கேள்வியையே தவிர்த்துவிட்டார்கள். அதில் ஒருமுறை எழுதியது எழுதியதுதான், அழிக்கும் வசதியே கிடையாது. வட்டுகளின் கொள்ளளவு வேகமாகப் பெருகிய காலத்தில் அது துணிவான, நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். எல்லோராலும் அப்படி இருக்க முடியாது.

அழித்தே தீர வேண்டுமானால் வழிகள் இரண்டு. இரண்டும் 1960இல் அச்சேறியவை. ஒன்று ஜார்ஜ் காலின்ஸ் எழுதியது: ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள், பூஜ்யம் ஆனதும் நீக்கு. மற்றது லிஸ்ப் மொழியைப் படைத்த ஜான் மெக்கார்த்தி சொன்னது: எண்ணிக்கை வேண்டாம், அவ்வப்போது எல்லாச் சுட்டிகளையும் தொடர்ந்து போய், எட்டியவற்றுக்குக் குறியிடு, குறி இல்லாதவற்றைப் பெருக்கித் தள்ளு. கணினியின் நினைவகத்துக்காகப் பிறந்த யோசனைகள் இவை. இன்று கோடிக்கணக்கான துண்டுகள் கொண்ட வட்டுகளில் வேலை செய்கின்றன.

எண்ணிக்கை முறை எளிதாகத் தெரிகிறது. ஆனால் எண்ணைக் கூட்டும் நொடியில் மின்சாரம் போனால்? ஒன்று குறைவாகப் பதிந்த எண் பின்னொரு நாள் பூஜ்யத்தைத் தொடும், உயிருள்ள துண்டு போய்விடும். ஒரு துண்டை முப்பது பேக்கப்புகள் பகிர்ந்துகொண்டிருந்தால் முப்பதும் ஒரே அடியில் ஊனமாகும். தேவையற்றதைத் தவறுதலாக வைத்திருந்தால் கொஞ்சம் இடம் நட்டம். தேவையானதைத் தவறுதலாக நீக்கினால் மீட்பே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கண்முன் வைத்துக்கொண்டால்தான் இத்தகைய மென்பொருள்களின் தயக்கம் புரியும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் செய்வதைப் பாருங்கள். பேக்கப்பை அழிக்கும்போது பெயர் வரிசை மட்டும் போகிறது. துண்டுகளை நீக்குவது தனி வேலை. அது தொடங்கியதும், எஞ்சியிருக்கும் வரிசைகளை எல்லாம் படித்து, அவற்றில் வரும் ஒவ்வொரு துண்டுக் கோப்பின் 'கடைசியாக அணுகிய நேரம்' என்ற குறிப்பையும் புதுப்பிக்கிறது. தனிப் பதிவேடு இல்லை. கோப்பு முறைமையில் முன்பே இருக்கும் நேரமுத்திரைதான் மெக்கார்த்தியின் குறி. பிறகு துண்டுகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் 65,536 அடைவுகளிலும் புகுந்து, முத்திரை பழசாகிப்போன கோப்புகளைத் தேடுகிறது.

எவ்வளவு பழசு? வழக்கமான அமைப்பில் 24 மணி 5 நிமிடம். விசித்திரமான இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. கோப்பைத் தொடும்போதெல்லாம் நேரத்தை எழுதினால் வட்டுக்கு வீண் வேலை என்பதால், லினக்ஸ் 2009 முதல் இயல்பாகவே சிக்கனம் பிடிக்கிறது: பழைய முத்திரைக்கு 24 மணி நேரம் ஆகியிருந்தால் ஒழியப் பொதுவாகப் புதிது எழுதாது. ஆகவே ஒரு நாளுக்குள் இருக்கும் முத்திரையை வைத்து எதையும் செத்தது என்று சொல்ல முடியாது. மேலே சேர்த்த ஐந்து நிமிடம் பாதுகாப்புக்கு.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பெருக்கும் வேலை நடக்கும்போதே வேறொரு கணினி பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கலாம். 'இந்தத் துண்டு உன்னிடம் இருக்கிறதா?' என்று அது கேட்க, சர்வர் 'இருக்கிறது, அனுப்ப வேண்டாம்' என்கிறது. அடுத்த நொடி அதே துண்டு பெருக்கித் தள்ளப்பட்டால், பிறக்கும்போதே ஓட்டை விழுந்த பேக்கப் ஒன்று உருவாகும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப்புகளில் மிகப் பழையது எப்போது தொடங்கியதோ, அதற்குப் பிந்தைய முத்திரை உள்ள எதிலும் சர்வர் கைவைப்பதில்லை. அழித்த அன்றே இடம் வராததன் ரகசியம் இந்த இரண்டு காத்திருப்புகளும்தான். அறிக்கையில் 'நீக்கக் காத்திருப்பவை' என்று ஒரு தொகை நிற்கும். மறுநாள் வேலை மீண்டும் ஓடும்போது அது காலி இடமாகும்.

துண்டுகள் மிகப் பெருகினால் குறியிடுவதற்கே நினைவகம் போதாது. டேட்டா டொமைன் நிறுவனத்தின் பெரும் சேமிப்பகங்கள் இதற்கு பர்ட்டன் ப்ளூம் 1970இல் வெளியிட்ட வடிகட்டியை நாடின. சில பிட்டுகளில் ஒரு பெயரின் தடத்தைப் பதிக்கும் முறை அது. 'இல்லை' என்றால் நிச்சயமாக இல்லை. 'இருக்கிறது' என்பது மட்டும் எப்போதாவது பொய்யாகலாம். உயிருள்ளவற்றை அதில் பதித்தால், பிழையின் விளைவு செத்த துண்டு சில தப்பிப் பிழைப்பதோடு முடிந்துவிடும். பிழை விழும் திசையையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

ரெஸ்டிக் என்ற மென்பொருளில் சிக்கல் வேறு. அது பல துண்டுகளைச் சேர்த்து ஒரே பொதியாக, இயல்பில் சுமார் 16 எம்.பி. அளவில் கட்டுகிறது. பொதிக்குள் பாதி செத்திருந்தால் அந்தப் பாதியை மட்டும் வெட்டியெடுக்க முடியாது. உயிருள்ள துண்டுகளைப் புதுப் பொதியில் எழுதி, எந்தத் துண்டு எந்தப் பொதியில் என்று சொல்லும் அட்டவணையைத் திருத்தி, அதன் பிறகே பழைய பொதியை நீக்க வேண்டும். எல்லாவற்றையும் இப்படிக் கிளறுவது செலவு என்பதால், 5 சதவீதம் வரை பயனற்ற இடம் கிடந்தால் அது பேசாமல் விட்டுவிடுகிறது.

ஆக, இடத்தை மீட்கவே இடம் வேண்டும். வட்டு ஏறக்குறைய நிரம்பியிருந்தால், எதையும் புதிதாகக் கட்டாமல், முழுக்கச் செத்த பொதிகளை மட்டும் நீக்கும்படி ரெஸ்டிக்குக்குச் சொல்லலாம். அட்டவணையை எழுதவும் இடமில்லாத அளவுக்கு நிரம்பிவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு. 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை அந்தக் கட்டளையின் பெயரிலேயே இருக்கிறது. முதலில் அட்டவணையையே அழித்து, கிடைத்த இடத்தில் வேலையைத் தொடர்கிறது. நடுவில் தடைபட்டாலும் அட்டவணையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். தனக்குள் எந்தெந்தத் துண்டு இருக்கிறது என்ற குறிப்பை ஒவ்வொரு பொதியும் தன் கடைசிப் பகுதியில் வைத்திருக்கிறது.